எட்டு நட்டுகள்

என் தங்கையின் காலை முடமாக்கியவன் நான்தான். அவள் கணவன் சேகர் அல்ல... நான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டை எனும் நிலக்கடலை மூட்டை ஏற்ற ஒரு பிக்கப் வண்டி. பாரம் ஏற்றினால் அதன் பின்பக்கம் தாழ்ந்துவிடும். அச்சுக்கும், வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளுக்கும் நடுவே இரண்டு பக்கமும் இரும்புக் கட்டை வைத்தால் உயரும்; பக்கத்துக்கு நான்கு நட்டுகள் அதை இறுக்கிப் பிடிக்கும். மெக்கானிக்கிடம் போகாமல், வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி நானே வைத்தேன். கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை! உண்மையைச் சொன்னால், பாரம் ஒரு சாக்கு. தெருவில் என் வண்டி மட்டும் எடுப்பாக நிற்க வேண்டும் என்ற ஆசைதான்...

கட்டைகளைச் செய்து கொடுத்த லேத் பட்டறைக்காரர் அழுத்திச் சொன்னார். "ரெண்டு நாள் ஓட்டுனதும் எட்டு நட்டையும் திரும்ப டைட் பண்ணிடுங்க. கண்டிப்பா லூசாவும்."

கால் மணி நேர வேலை. நான் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு வாரம் போயிற்று. ஏன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். சோம்பலைத் தவிர வேறு பதில் இல்லை.

சேகருக்குச் செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் சரியாகத் தூங்காதவன், மறுநாள் காலை என் தங்கை செல்வியை ஒரு வளைகாப்புக்கு அழைத்துப்போக என் வண்டியைக் கேட்டான். கட்டை வைத்ததும் நட்டு சங்கதியும் அவனுக்குத் தெரியும். வாசலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"மச்சான், பின்னாடி டக்கு டக்குனு சத்தம் வருது. நட்டெல்லாம் டைட் பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன் மாப்ள. போய்ட்டு வா."

பொய்! எவ்வளவு சுலபமாக வந்தது...

ஊர் தாண்டி ஒரு வளைவில் வண்டி இடப்புறம் இழுத்துப் புளியமரத்தில் மோதியது. சேகருக்கு நெற்றியில் காயம். செல்விக்கு இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. தகவல் கேட்டு ஓடினேன். இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் வண்டியருகே நின்றேன். குனிந்து பார்த்தேன். நட்டுகள் தளர்ந்து வலப்பக்கக் கட்டை நழுவி, அச்சு பின்னுக்கு நகர்ந்திருந்தது.

வேறு யாரும் பார்ப்பதற்குள் ஜாக்கி போட்டுக் கட்டைகளைக் கழற்றினேன். சாக்கில் சுற்றி ஏரியில் போட்டேன்.

மறுநாள் சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். வண்டி தானா இழுத்துச்சு. பின்னாடி எதனா விட்டுடுச்சானு பாத்தீங்களா?"

"பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்குது."

அவன் என் கையை விட்டுவிட்டான். பிறகு மெல்லக் கேட்டான். "அப்போ... நான்தான் கண்ணசந்துட்டேனா?"

இல்லை என்று ஒரு சொல் போதுமாயிருந்தது! என் வாய் திறக்கவில்லை. அன்று தன்னையே சந்தேகிக்கத் தொடங்கியவன், பிறகு அதை நம்பியும் விட்டான். செல்வியும் நம்பினாள்.

மாதம் தவறாமல் மலையைச் சுற்றி வந்தவள், இப்போது தெருமுனைக்கே தாங்கித் தாங்கி நடக்கிறாள். கணவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் ஸ்டீயரிங்கைத் தொடுவதேயில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றில் கை வைத்தபடியே சேகர் அழுதுவிட்டான்.

"உங்க தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்துட்டேன் மச்சான். என்னை மன்னிச்சிடுங்க."

நீங்களாக இருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பீர்களா?

நான் அவன் தோளில் கை வைத்தேன். "விடு மாப்ள. வேணும்னா செஞ்ச? நான் எதையும் மனசுல வெச்சிக்கல."

மன்னித்தேன்... என் குற்றத்துக்காக அவனை மன்னித்தேன்!

செல்வி காலை இழுத்துக்கொண்டு குழம்புச் சட்டியோடு வந்தாள். கணவனைப் பார்க்காமலே சொன்னாள். "எங்கண்ணன் மனசு யாருக்கு வரும்?"

என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். நான் தலை நிமிராமல் பிசைந்து சாப்பிட்டேன்.