மேட்டுப்பாளையத்தில் வாங்கிய குட்டி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பீளமேட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு வார்ப்படப் பட்டறையில் வேலை. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின் பிறந்த ஆண்குழந்தை இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அதன் பிறகு அவள் கேட்டது ஒரு நாய்க்குட்டிதான்.

கணவர் அல்சேஷன் வாங்கலாம் என்றார். காவலுக்கு ஆகும். நான் ஸ்பானியல்தான் வேண்டும் என்று நின்றேன். ஒரு மருத்துவர் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். தரையைத் தொடும் காதும் ஈரக் கண்ணுமாக மனிதரைப் பார்ப்பதுபோல் பார்க்கும். தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மேட்டுப்பாளையத்தில் அந்த ஜாதிக் குட்டிகள் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

ஐந்து குட்டிகள். நான்கு எங்கள் செருப்பைக் கடித்து இழுத்தன. ஒன்று மட்டும் சாக்குக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. நான் அதைத்தான் எடுத்தேன்.

"அது கொஞ்சம் பயந்த சுபாவமுங்க அம்மணி. கொழந்தை இருக்கற ஊட்டுக்குத் துடியா இருக்கறதப் பாத்து எடுங்க" என்றார் அவர்.

"இருக்கட்டுங்க. இதுதான் பாவமா இருக்குது" என்றேன்.

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. காதை மட்டும் மடித்துக் காட்டினார். உள்ளே காற்றுப் போகாது, வாரம் ஒருதரம் பஞ்சால் துடைக்க வேண்டும், குளிப்பாட்டினால் ஈரமே இருக்கக்கூடாது. சரி சரி என்று தலையாட்டினேன்.

மகள் அதைக் கண்ணு என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. சோறு தின்னும்போது காது தட்டில் விழாமலிருக்க, தன் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் இரண்டு காதையும் உச்சியில் சேர்த்துக் கட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை குளியல். துவட்டுவதும் காது துடைப்பதும் என் வேலை. ஒன்றரை வருடம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

பிறகு காங்கேயத்தில் என் அப்பா படுக்கையில் விழுந்தார். நான் கிளம்பிப் போனேன். மூன்று வாரம் அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒருநாள், அப்பா இருந்த என் அண்ணன் வீட்டுக்கு மகள் போன் செய்தாள்.

"அம்மா, கண்ணு தலைய ஒதறிக்கிட்டே இருக்குது. தொட்டா அழுவுது."

"அப்பாகிட்டச் சொல்லு சாமி. நான் வந்து பாக்கறேன்."

அப்பா இறந்து, காரியம் முடிந்து நான் வீடு திரும்பியபோது வாசலிலேயே அழுகல் வாடை அடித்தது. நாய் கட்டிலுக்கடியில் கிடந்தது. காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே புழு நெளிந்தது.

கால்நடை மருத்துவர் டர்பன்டைனில் நனைத்த பஞ்சை வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். நானும் கணவரும் நாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டோம். அது கத்திய கத்தலில் அங்கே மாட்டோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் டபுள் ஷிப்டுல இருந்தேன் புள்ள. தலைய ஒதறுதுன்னு தெரியும், உள்ளார இப்படின்னு தெரியாது" என்றார் கணவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புண் ஆறியது. ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போயிற்று. உள்ளே எங்கோ வலி தங்கிவிட்டது. தலையைச் சாய்த்தபடியே நடந்தது. ஒரு மாலை, அது தூங்கிக்கொண்டிருக்கும்போது மகள் பின்னாலிருந்து போய்க் கட்டிக்கொண்டாள். திடுக்கிட்டுத் திரும்பி அவள் உதட்டைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். தையல் போடப் போகும் வழியெல்லாம், "கண்ணு தெரியாம கடிச்சுப்போடுச்சு, அடிக்காதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காதுக்குள்ள ரொம்ப ஆழத்துல சீழ் இருக்குதுங்க. மறுபடியும் கடிக்கும். ஊசி போட்டுரலாம், வலி தெரியாதுங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு மாசம் மருந்து போட்டுப் பாக்கலாம். கட்டி வெச்சுக்கலாம்."

"அடுத்தது புள்ளையோட கண்ணுல கடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் நானே ஆட்டோவில் கொண்டுபோனேன். மேசைமேல் அது நடுங்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுக்கம் நின்ற பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் மகளிடம், காங்கேயத்தில் மாமன் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம், அங்கே காற்றாட இருந்தால் சரியாகிவிடும் என்றேன். அழுதாள், நம்பினாள். போஸ்ட்கார்டில் மாமனுக்கு எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன், அனுப்பவில்லை.

என் அப்பாவின் வருஷத் திதிக்கு மூவரும் காங்கேயம் போனோம். அவள் ஒரு மாதமாகச் சேர்த்த பிஸ்கட்டைப் பையில் வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. படையல் போடும் நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடிப் போனால், தென்னைகளுக்கு நடுவே காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு நடந்தாள். காது கேட்காத நாய்க்கு அந்த அதிர்வு தெரியும் என்று அவளே யோசித்திருந்தாள். எனக்கு முன்னால் போன என் அண்ணன், "என்ன சாமி தேடறே?" என்றார்.

"எங்க நாய் எங்கீங்க மாமா?"

"நாயா? எந்த நாயி?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பின்னாலேயே வந்திருந்த கணவர்தான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அது செத்துப்போச்சு சாமி. ஊசி போட்டாங்க. நாந்தான் போடச் சொன்னேன்" என்றார்.

அவள் பிஸ்கட் பையை அவர் மார்பில் எறிந்துவிட்டு ஓடினாள். பஸ்ஸில் வரும்போது என் மடியில் படுத்துக்கொண்டாள். அதன் பின் நெடுநாள் அவர் சைக்கிளில் ஏற மாட்டாள். அவர் வாங்கி வரும் எதையும் தொட மாட்டாள். அவர் ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவள் தலையைக் கோதிக்கொண்டு இருந்தேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. அவர் காலமாகும்வரை சொல்லவில்லை.