கவர்னரின் பெயர்

சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடியில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். வாரம் ஒருவர் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, அமெரிக்கப் பாதிரியார் ஒருவரிடம் புத்தகம் இரவல் வாங்கி, அந்த நாடு உண்டான புதிதில் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவரை எடுத்துக்கொண்டேன். எங்களுக்குக் கவர்னர் என்றால் சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கும் இறகுத் தொப்பிதான். இவரோ குடியானவர் மகன். தானாகவே சட்டம் படித்து, ராஜாவின் பட்டாளத்தோடு சண்டையிட்டு, ஜனங்கள் தேர்ந்தெடுத்துக் கவர்னரானவர். இரண்டு முறை ஆண்டார், மூன்றாம் முறை தோற்றார், மறுபேச்சில்லாமல் ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார்.

நன்றாகப் பேசுகிறேன் என்ற கர்வம் எனக்கு அப்போது அதிகம்.

முடித்ததும், பின்வரிசையிலிருந்த மாட்டுக்கொட்டகைக்காரர் எழுந்தார். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி, கரும்புத் தோட்டத்தில் அடியும் உதையும் பட்டு, எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவர்.

"பதவி போனப்புறம் அவரு நெலத்த யாருங்க உழுதா?"

புத்தகத்தில் பதில் இருந்தது. அவரிடம் அடிமைகள் இருந்தார்கள். உயிலில் மாடுகளோடு சேர்த்து அவர்களையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். பேச்சு களையிழந்துவிடும் என்று அந்தப் பக்கத்தை நான் விட்டுவிட்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"அவரேதான் உழுதார்," என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் கொட்டகைக்காரர் என் அறைக்கே வந்தார். ஆண் குழந்தை பிறந்திருந்தது.

"கவர்னரா இருந்துட்டும் தானே ஏரு புடிச்ச மனுஷன்! அந்தப் பேரத்தான் புள்ளைக்கு வெக்கப்போறேன். ஆபீசுல பதியணும், இங்கிலீசுல எழுதிக் குடுங்கய்யா."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். இனிப்புக்குத்தான் திறக்கிறேன் என்று அவர் நினைத்து, கையோடு கொண்டுவந்த பொட்டலத்திலிருந்த சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டுச் சிரித்தார். விழுங்கினேன். பெயரை எழுதிக் கொடுத்தேன்.

நான் கோழை, வேறென்ன சொல்ல? அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. மாலையானால் அவர் கொட்டகை வாசலில் நின்று, தன்னைப் போன்றவர்களை உயிலில் எழுதிவைத்த ஒருவனின் பெயரைத் தெருவே கேட்கும்படி பெருமையாகக் கூப்பிடுகிறார். பையனும் "தோ வரேம்ப்பா" என்று ஓடுகிறான்.