அம்மாவின் இரண்டு வேண்டுதல்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவள் வெறுங்கையோடு வருவாள் என்று கடம்பத்தூரில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது போகும்போது கொண்டுபோன அதே தகரப்பெட்டிதான். கண்ணிரண்டும் மஞ்சள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்த்தாள்.

"டிரான்சிஸ்டர் ஒண்ணுகூடவா கொண்டாரல?" என்றாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாடு போனால் டிரான்சிஸ்டரும் டெரிலின் துணியும் வரும் என்பது ஊர் கண்டுவைத்திருந்த கணக்கு. நான் போனது தொண்டுக்கு. காட்டோரத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருடத்துக்கு நர்சு வேண்டும், சாப்பாடும் படுக்க இடமும் தருவோம், சம்பளம் கிடையாது என்றார்கள். சரி என்று கிளம்பினேன். "சம்பளம் இல்லாத வேலைக்கு எவளாவது கப்பலேறிப் போவாளா?" என்று அன்றைக்கே அக்கா சிரித்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை, இரக்கப்பட்டாள். சிரித்திருந்தால் தேவலாம்.

அங்கே முதல் வருடம் முடிவதற்குள் மலேரியா என்னைப் பிடித்தது. விட்டது, மறுபடியும் பிடித்தது. கடைசியில் ஈரலில் கை வைத்தது. நான் விரிப்பு மாற்றிய கட்டிலிலேயே என்னைப் படுக்கவைத்தார்கள். அந்த வார்டில் தீக்காயம் பட்ட ஒரு சிறுமி இருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க அவளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். பாதி வார்டு நடந்திருப்பாள், என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பு தேறி டாக்டரும் சரி என்றால் திரும்ப வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உப்பில்லாக் கஞ்சியையும், மோரில் கலக்கிய கீழாநெல்லியையும் விழுங்கினேன்.

வீட்டில் ஆப்பிரிக்கா முடிந்துபோன விஷயம் என்றே நடந்துகொண்டார்கள். காலையில் வார்டில் ஜுரம் பார்க்கும் நேரத்துக்குத் தானாக விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்தால் எதிரே சுவர். அடுத்த கட்டில் கிடையாது, என்னைக் கூப்பிட ஒரு குரல் கிடையாது. நாளெல்லாம் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன். நோயாளிகளை அதட்டி மருந்து குடிக்கவைத்தவளுக்கு நோயாளியாக இருக்கத் தெரியவில்லை.

எல்லோரையும்விட அம்மாமேல்தான் கோபம். அந்த ஊர் எப்படி, ஆஸ்பத்திரி எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கீழாநெல்லியை அரைப்பாள், டம்ளரை வைப்பாள், என் கண்ணைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவாள். பெண் திரும்பி வந்துவிட்டாள், அது போதும் இவளுக்கு என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன்.

"நான் ஒண்ணுமில்லாம திரும்பி வந்ததுல உனக்கு சந்தோஷம்தானேம்மா?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

ஆடி பிறந்ததும் நைனாவோடு மதராஸ் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு முறை அந்தக் காய்ச்சல் வந்தால் உடம்பு தாங்காது, இனி அந்தப் பக்கம் போகும் பேச்சே கூடாது என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். நைனா என்ன செய்வது என்று தெரியாமல் சோடா வாங்கி வந்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். சொன்னால் அவள் முகம் மலரும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பெரியபாளையத்துக்கு அழைத்துப்போனாள். வேப்பஞ்சேலை வேண்டுதல் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். என் உடம்பு தேறியதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றில் முழுகி எழுந்து, ஈரத்தோடு உடம்பைச் சுற்றி வேப்பிலையைக் கட்டிக்கொண்டு, அந்த வயதில் அவள் கோயிலைச் சுற்றி வந்தாள். மாற்றுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். சுற்றி முடித்து அம்மன் எதிரே வந்ததும் கூட்டத்தையும் மேளத்தையும் மறந்து வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

"ஆத்தா, அவ போன அன்னிக்கி, சீக்கிரமா கொண்டாந்து ஊட்ல சேத்துடுன்னு கேட்டேன். சேத்துட்ட. நல்லபடியா கொண்டான்னு கேக்கணும்னு இந்தப் பாவிக்குத் தோணலியே! அதான் நோவக் குடுத்து அனுப்பிச்சியா? நாளெல்லாம் சொவுத்தயே பாத்துக்கினு குந்திக்கினு கீறா. என்னால பாக்க முடியல தாயே. எனக்கு அவ வாணாம், அவள அங்கியே திருப்பி அனுப்பிடு. வர ஆடிக்கும் வந்து சேலை கட்டறேன்."

இத்தனை மாதமாக என் கண்ணைப் பார்க்காமல் அவள் ஒளிந்துகொண்டது இதற்காகத்தான். கொசு கடித்து வந்த காய்ச்சலைத் தன் வாயால் வந்தது என்று தலையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டேன். வேப்பிலை என் கையெல்லாம் குத்தியது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கழுத்தெல்லாம் இலை கீறிய சிவப்பு. இவ்வளவு கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை.

"இனிமே அங்க போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்ட்டாரும்மா. இன்னொரு தடவ அந்தக் காய்ச்சல் வந்தா ஒடம்பு தாங்காதாம். போன வாரமே சொல்ட்டாரு. உங்கிட்டதான் சொல்லல."

அவள் முகம் மலரவில்லை. திருவள்ளூர் நெருங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"அப்போ இன்னிக்கும் நான் சரியா கேக்கலியா?"

"சரியாத்தாம்மா கேட்ட. கொசு கடிச்சா வர்ற காய்ச்சல் அது. நீ கேட்டதுனால வரல."

தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவள் முடியில் சிக்கியிருந்த இலைகளை எடுத்துக்கொண்டே வந்தேன்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் முதலுதவி அறைக்கு நர்சாகச் சேர்ந்தேன். வெட்டுப்பட்ட விரல்களுக்குக் கட்டுப் போடும் வேலை. முதல் நாள் கிளம்பும்போது, "எனக்காக ஆத்தாகிட்ட ஏதாவது கேளும்மா" என்றேன்.

"கும்புட்டுக்கிறேன் கண்ணு" என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணும் கேக்க மாட்டேன்."