தண்ணீர் லாரிச் செயலியிலிருந்து நான் விலகிய விதம்

விலகிவிட வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தபோது என் தலையில் ஷாம்பு இருந்தது. திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககத்துக் குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது. உடனே போன் அடித்தது. ஆவடியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி.

"தம்பி, உங்க ஆப்புல லாரி வந்துடுச்சுன்னு போட்டிருக்கு. இங்க சொட்டுத் தண்ணி இல்ல. கொஞ்சம் சரி பண்ணி வுடுங்க."

கண் எரிய எரிய, பார்க்கிறேன் என்றேன்.

அந்தச் செயலியை ஆரம்பித்தவன் நான்தான். எந்த பிளாக்குக்கு எப்போது தண்ணீர் லாரி என்ற கோடைச் சண்டையைத் தீர்க்க எழுதியது. உலகத்துக்கே பயன்படட்டும் என்று நிரலைத் திறந்து வைத்தேன். யாரும் எடுக்கலாம், திருத்தி அனுப்பலாம். திருத்தத்தைச் சேர்க்கும் பொத்தான் மட்டும் என்னிடம். உலகம் வரவில்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை குடியிருப்போர் சங்கங்கள் வந்தன. அவர்களுக்குச் செயலி வேறு, தண்ணீர் வேறு அல்ல. பிழைகளைத் தெரிவிக்கும் பக்கத்தில் மோட்டார் ஓடவில்லை என்றார்கள், மாடிவீட்டுக்காரர் திருடுகிறார் என்றார்கள். தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று ஒருவர் படமே இணைத்திருந்தார். அதற்கு 'பிழை உறுதி செய்யப்பட்டது' என்று குறியிட்டேன். வேறென்ன செய்ய?

கேன் தண்ணீரில் தலையை அலசிவிட்டு, செயலிக்கான வாட்ஸ்அப் குழுவில் விலகல் அறிவிப்பைப் போட்டேன். இதயங்கள் கொட்டின. ஒருவர் இரங்கல் செய்தி போல எழுதியிருந்த புகழுரையைப் படித்தபோது நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்தது. பொறுப்பேற்க மட்டும் ஒரு கையும் உயரவில்லை. யாரும் வராவிட்டால் ஒன்று செயலி சாகும், இல்லை நான் ஆயுசுக்கும் லாரிக்காரன். கடைசியில், பாடியில் குடியிருக்கும் என் கல்லூரி நண்பனைப் பிடித்தேன். நிரலில் பாதி அவன் எழுதியது.

"இன்னா மச்சான், நீ பாட்டுக்குக் கயண்டுக்கினா யாரு பாத்துக்கிறது?"

"நீதான்."

"எனுக்கு ஆபீஸ் கீது மாமே."

"எனக்கு மட்டும் என்ன, பென்ஷனா வருது?"

முனகிக்கொண்டே சம்மதித்தான். பொத்தானை அவனுக்கு மாற்றி, என் உரிமையை நானே நீக்கினேன். அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டு வந்தபோதும் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

எங்கள் சங்கச் செயலாளர் விடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் வழியனுப்பு விழா, பொன்னாடை, கேசரி. எங்கள் பக்கம் ஒரு பதவியை விட்டால் சும்மா அனுப்பமாட்டார்கள். என்னைக் கௌரவ ஆலோசகர் ஆக்கினார்கள்.

"தம்பி எங்கயும் போகல," என்று மைக்கில் அறிவித்தார் செயலாளர். "எப்ப வேணா கூப்பிடலாம். நம்பர் ஆப்லயே இருக்கு."

பலத்த கைதட்டல். அவர் சொன்னது சரி. முகப்பில் 'உதவிக்கு' என்று என் எண்ணைப் பெரிதாகப் போட்டவன் நான்தான்.

கேசரிக் கையோடு அந்த எண்ணை நீக்கும் ஒரு வரித் திருத்தத்தை அனுப்பினேன். சேர்க்க வேண்டியவன் இப்போது நண்பன். "பாத்துக்கினே கீறேன் மச்சான், கொஞ்சம் பொறு," என்றான். திருத்தம் அனுப்பிய எத்தனையோ பேருக்கு நான் இதையே நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று ஒருவர் செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாடிக்குப் போகிறேன். அவன் பொத்தானை அழுத்தும்வரை அந்த வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. என் எண் இருந்த இடத்தில் செயலாளரின் எண்ணைப் போடும் இன்னொரு திருத்தமும் தயார். அதற்கு முதலில் அவர் சம்மதிக்க வேண்டும். கேட்கப் போகும்போது அதே பொன்னாடையை மடித்து எடுத்துப்போவதாக இருக்கிறேன்.