படிப்படியாகத் திறந்த தண்ணீர்

தம்பியின் மாட்டுப் பண்ணைக்கு மூன்று பக்கம் கரை இருந்தது. வடக்கு, கிழக்கு, தெற்கு. மேற்குப் பக்கம் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கெடுதல் வரும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கிழக்குதான் பயம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏறும்போது உப்பங்கழியும் ஏறும். காற்றும் சேர்ந்துகொண்டால் உப்புத் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி நிலத்துக்குள் வந்துவிடும். ஒரு முறை வந்துவிட்டால் மூன்று மழைக்காலம் போனாலும் அந்த மண்ணில் புல் பிடிக்காது. அப்பா காலம்வரை நாங்கள் உப்புக்காரர்கள். தம்பி பாத்திகளைக் கைமாற்றிவிட்டு மேற்கு ஓரத்து இரண்டு ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டான். ஒரு பாதியில் தீவனப் புல், மறுபாதியில் கொட்டகை. பதினொரு மாடுகள். எல்லாமே கறவை.

கரையை அவன் உப்பளக்காரன் முறையில் போட்டான். களிமண்ணைக் கொட்டி, ஈரப்படுத்தி, பாத்தித் தரையை மிதிப்பது போல அவனும் அவன் மனைவியும் வெறுங்காலால் நாள்கணக்கில் மிதித்தார்கள். காய்ந்தபோது சிமெண்ட் பூசியது போல வழவழப்பாக இருந்தது. பக்கத்து அளத்து மேஸ்திரி தினமும் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஏம்பா, மாட்டுக்குப் பாத்தி கட்டுறியா? உள்ள இன்னா வெளையும், பாலா உப்பா?"

"ரெண்டும் வெளையும். உனுக்கு உப்புப் போட்ட மோரு தர்றேன், போ."

நான் அப்போது புதுச்சேரியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அரசு அலுவலகங்களிலிருந்து வரும் செய்திக் குறிப்புகளைப் பத்து வரிக்குச் சுருக்குவது என் வேலைகளில் ஒன்று. மழைக்காலத்துச் சொற்கள் எல்லா வருடமும் ஒன்றேதான். உபரி நீர், தாழ்வான பகுதி, முன்னெச்சரிக்கை. ஏரி நிரம்பினால் 'விவசாயிகள் மகிழ்ச்சி' என்று தலைப்பு வைப்போம். ஏரியைப் பார்க்காமலேயே வைக்கக்கூடிய தலைப்பு அது.

அந்த வருடம் நான்கு நாள் விடாமல் மழை. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள பெரிய ஏரி இரண்டாம் நாளே நிரம்பிவிட்டது. அப்போதே ஒரு மதகைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் தண்ணீர் மூன்று நாளில் கழுவெளிச் சதுப்புக்குப் போய், அங்கிருந்து கடலில் சேர்ந்திருக்கும். தூக்கவில்லை. முக்கியமான ஒருவர் வந்து மலர் தூவித் திறந்துவைப்பதாக இருந்தது. மழையால் அவருடைய பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. "மழை விடட்டும்னு பாக்குறாங்க" என்று அந்தப் பகுதி நிருபர் போனில் சொன்னார். அதில் இருந்த வேடிக்கையை நாங்கள் இருவருமே கவனித்தோம். இருவருமே எழுதவில்லை.

நான்காம் நாள் காலை விழா நடந்தது. பத்தரை மணிக்குச் செய்திக் குறிப்பும் படமும் வந்தன. படத்தில் பத்துப் பன்னிரண்டு குடைகள், ஒரு தாம்பாளம், அதில் நனைந்த பூ. உபரி நீர் படிப்படியாகத் திறக்கப்படும், மக்கள் அச்சப்படத் தேவையில்லை என்று குறிப்பு சொன்னது. பத்து வரிக்குச் சுருக்கினேன். 'அச்சப்படத் தேவையில்லை' என்பதை எடுத்துவிட்டேன், அது இடத்தை அடைக்கும் வாசகம். 'படிப்படியாக' என்பதை விட்டுவைத்தேன். அது தகவல்.

பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஏரியத் தெறக்குறாங்களாமே. தெறந்தா நம்ம பக்கம்தான வரும்? மாட்ட ரோட்டுக்கு ஓட்டிடவா?"

ரோடு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பண்ணைக்கு மேற்கே, ஒரு வண்டித்தடம் போய்ச் சேரும் இடத்தில், மேடாக இருக்கும். ஆனால் அங்கே கூரை கிடையாது. பதினொரு மாடுகளையும் கொட்டும் மழையில், பஸ்ஸும் லாரியும் பறக்கும் ரோட்டோரத்தில் கட்ட வேண்டும். இரண்டு மாடுகள் நிறைசினை.

"படிப்படியாத்தான் தெறக்குறாங்களாம்" என்றேன். "குறிப்பு என் கையிலதான் இருக்கு."

"அப்ப இருக்கட்டுமா?"

"ராத்திரிக்குள்ள மழை விட்டுதுன்னா பாரு. இல்லாட்டி நாளைக்கு ஓட்டிக்கலாம்."

"சரிக்கா. பேப்பர்காரங்க நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பிறகு தெரிந்தது இது. விழா முடிந்து கார்கள் கிளம்பியபோது ஏரிக்கரையில் ஒரு இடத்தில் கசிவு கண்டிருக்கிறது. கரை உடைந்துவிடும் என்ற பயத்தில், பதினொன்றரைக்கு எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் முழுதாகத் தூக்கியிருக்கிறார்கள். கீழே இருந்த ஊர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மணிக்குத் தம்பியின் மனைவி பேசினாள். "அண்ணி, மேக்கால இருந்து தண்ணி வருது." அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ் பிடித்தேன். பொம்மையார்பாளையம்வரை மழை மட்டும்தான். கீழ்புத்துப்பட்டைத் தாண்டிய பிறகு சாலைக்கு இடது கையில் வயல் தெரியவில்லை, பழுப்பு நிறத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. சாலையே ஓர் அணை போல அதைத் தடுத்து நின்றது. அடியில் இருந்த சிறு பாலங்கள் ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தண்ணீர் கிழக்கே பீச்சியது. அப்படி ஒரு பாலத்துக்கு நேர் எதிரேதான் எங்கள் வண்டித்தடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. தடத்தில் தொடையளவு தண்ணீர் பாய்ந்தது. நான் போவது ஓட்டத்தோடு, அதனால் போக முடிந்தது. இரண்டரை மணிவரை கணுக்காலளவே இருந்த தண்ணீர் இப்போது கொட்டகைக்குள் மாடுகளின் வயிற்றைத் தொட்டிருந்தது. அவை கத்தவில்லை. தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு ஒரே திசையில் பார்த்தபடி நின்றன. தம்பியின் மனைவி முளைக்கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கையில் மண்வெட்டி.

தம்பி கிழக்குக் கரைமேல் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாங்க, வெட்டுங்க!" என்று அவள் கத்தினாள். "கரைய வெட்டுங்க, தண்ணி அந்தப் பக்கம் போவட்டும்!"

"கடலு ஏறிட்டு இருக்குது. இன்னைக்கு அமாவாசை."

"மாடு சாவுது, அமாவாசைங்குறீங்க!"

"இப்ப வெட்டினா உப்புத் தண்ணி உள்ள வரும். புல்லுக் கொல்லை போயிடும். அஞ்சு மணிக்கு வடிய ஆரம்பிக்கும், அப்ப வெட்டலாம்."

"டேய், நானே வெட்டுறேன்டா, தள்ளு" என்றார் மேஸ்திரி.

"மண்வெட்டிய வச்சா நான் உன்ன வெட்டுவேன்."

நான் கரைமேல் ஏறினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். வெளியே, அளத்தின் பக்கம், தண்ணீர் கரையின் நடுவயிற்றுக்குக் கீழே இருந்தது. உள்ளே அதைவிட ஒரு முழம் உயரம். வெட்டினால் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அமாவாசை தேவையில்லை, கண் போதும். அதைச் சொன்னேன்.

"அக்கா, நீ ஊர விட்டுப் போயி இருபது வருஷம் ஆவுது. உனுக்குக் கடலு தெரியாது" என்றான் அவன். முகத்தைக் கிழக்கே வைத்தபடியே சொன்னான். ஒரு தடவைகூடக் கரைக்கு உள்ளே குனிந்து பார்க்கவில்லை. காலையில் நான் சொன்ன ஒன்றை நம்பி அவன் உட்கார்ந்திருந்தான் என்பது என் நினைவில் இருந்தது. இரண்டாவது முறை அழுத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாடுகளை ரோட்டுக்கு ஓட்டப் பார்த்தோம். ஓட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும். நான்கு மாடுகள் வந்தன. தம்பியின் மனைவி முன்னால் போன சிவப்பு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடந்தாள், மற்ற மூன்றும் அதன் பின்னால் போயின. மீதி ஏழும் திரும்பிக்கொண்டன. தண்ணீர் தள்ளிய பக்கமே போய்க் கிழக்குக் கரையில் முட்டின.

அங்கே தரை பள்ளம், தண்ணீரும் ஏறிக்கொண்டே இருந்தது. கரைமேல் ஏறியிருந்தால் பிழைத்திருக்கும். உயரம் ஓர் ஆள் மட்டம்தான். முன்னங்கால்களைத் தூக்கி வைத்தன, வழுக்கி விழுந்தன, மறுபடி வைத்தன. மிதித்து மிதித்து வழவழப்பாக்கிய களிமண்ணில் குளம்பு நிற்கவில்லை. நானும் மேஸ்திரியும் ஒரு சினைமாட்டின் கொம்பைப் பிடித்து இழுத்தோம். அதன் மூக்கு என் முழங்கையில் இருந்தது. மூச்சு சூடாக இருந்தது. பிறகு கொம்பு கையிலிருந்து நழுவியது.

மூன்றாவது மாடு முழுகியபோது தம்பி மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டத் தொடங்கினான். மணி நாலேகால் இருக்கும். கடல் வடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கரை வெட்டுப்படவில்லை. மண்வெட்டி பட்டுப் பட்டுத் தெறித்தது. அவனும் மேஸ்திரியும் மாற்றி மாற்றி வெட்டி ஒரு முழ அகலம் திறப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. திறந்ததும் தண்ணீர் வெளியே பாய்ந்தது. மளமளவென்று, உள்ளிருந்து அளத்துக்கு. உப்புத் தண்ணீர் ஒரு கைப்பிடிகூட உள்ளே வரவில்லை.

ஏழு மாடுகளும் கரையோரமாகவே கிடந்தன, வரிசையாக.

மறுநாள் மதியம் கால்நடை மருத்துவர் வந்து காது வில்லைகளைப் பார்த்து எழுதிக்கொண்டார். அடுத்த நாள் வருவாய் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கரையைச் சுற்றி நடந்து, செல்போனில் படம் எடுத்தார்.

"இந்தக் கரை இல்லன்னா தண்ணி அதுபாட்டுக்குப் போயிருக்கும் இல்ல?"

"ஆமாங்க" என்றான் தம்பி.

"யார் போட்டது?"

"நான்தாங்க."

"அப்ப தண்ணியத் தேக்கி வச்சது நீங்க."

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, குறித்துக்கொண்டார். நீர் போகும் வழியை மறித்த கரை என்று எழுதினார். வெட்டிய இடத்தை அடைக்கக் கூடாது, அடைத்தால் நிவாரண மனு நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனுவை நான் எழுதினேன். எல்லா மதகுகளும் ஒரே நேரத்தில், முன்னறிவிப்பின்றித் திறக்கப்பட்டன என்று நேரத்தோடு எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. உபரி நீர் படிப்படியாகவே திறக்கப்பட்டது, பொதுமக்களுக்கு நாளிதழ் வழியாகவும் முறையாகத் தெரிவிக்கப்பட்டது. ஆதாரமாக ஒரு பேப்பர் கட்டிங்கின் நகலை இணைத்திருந்தார்கள். பத்து வரி. மேலே தேதி இருந்தது. மாடுகள் செத்ததற்கு மறுநாள் காலைப் பேப்பர்.

"இது உங்க பேப்பரு தானக்கா?" என்றான் தம்பி.

"ஆமாம்."

"யாரு எழுதுனது?"

"நான்தான். அன்னைக்குக் காலையில. ஒரு மணிக்கு உன் பொண்டாட்டி போன் பண்ணதும் ஆபீஸ்ல சொல்லி நிறுத்தியிருக்கலாம். அது தோணல. பஸ்ஸப் புடிக்கப் போயிட்டேன்."

அவன் அந்தப் பத்து வரியை மறுபடி படித்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவனைப் போல விரலை வைத்துப் படித்தான்.

"தேதி தப்பா இருக்குதுன்னு எழுதலாம் இல்ல?"

எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

வெட்டிய இடம் திறந்தே கிடந்தது. மனு நிற்க வேண்டும் என்பதற்காக அவன் அதைத் தொடவில்லை. மிச்சமிருந்த நான்கு மாடுகளுக்கும் அந்தக் கொல்லைப் புல்தான் தீவனம். வெள்ளத்தில் சாய்ந்த புல் மறுபடி நிமிர்ந்து முழங்கால் உயரம் வந்திருந்தது. நடுவில் வந்த பௌர்ணமியன்று காற்று இல்லை, கடல் திறப்புவரை வந்து திரும்பிவிட்டது. அடுத்த அமாவாசையன்று நான் அங்கே இருந்தேன். வானம் வெளுத்திருந்தது, காற்று கிழக்கிலிருந்து. மாலை நாலு மணி வாக்கில் திறப்பின் வழியாகத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. சத்தமே இல்லை. முதல் வரிசைப் புல்லின் அடியை நனைத்தது, கொஞ்சம் நின்றது, இரண்டாவது வரிசைக்குப் போனது.

தம்பி குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

"பாத்தியாக்கா" என்றான். "படிப்படின்னா இது."

அவன் மனைவி ஏற்கெனவே அரிவாளோடு கொல்லையில் இறங்கியிருந்தாள். தண்ணீர் எட்டாத பக்கத்திலிருந்து புல்லை அறுக்க ஆரம்பித்தோம்.