கலவை மெஷின் நின்ற நேரம்

போன வருஷம் ஐப்பசி மாசம். பாகூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, வயலை மனையாக்கிய இடத்தில் ஒரு வீட்டு வேலை எடுத்திருந்தேன். சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்து, பிறகு சின்ன வீடுகளை கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டித் தருகிற அளவுக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் தளத்துக்கு அடியில் முட்டும் ஷீட்டும் வைத்துத் தாங்கல் கட்டுகிற சென்ட்ரிங் வேலை செய்பவர். எங்கள் சைட் எங்கே என்று யாராவது கேட்டால், "அந்தம்மா சத்தம் எங்க கேக்குதோ அங்க போங்க" என்பார்கள். அப்படி ஒரு தொண்டை எனக்கு.

அதே சமயம் வில்லியனூரிலும் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒருத்தியே பார்க்க முடியாது என்று, ஏம்பலத்துப் பையன் ஒருவனை மேஸ்திரியாக வைத்தேன். சிவில் டிப்ளமா படித்தவன். வேலையில் சுத்தம். ஆனால் அவன் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

கொத்தனார்களிடம், "அண்ணே, இந்தக் கல்லு வரி கொஞ்சம் வெளிய வந்தா மாதிரி இருக்கு, பாக்குறீங்களா?" என்று கெஞ்சுவான். அவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். "இன்னாடா நீ, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பேசுற? மேஸ்திரின்னா அதட்டணும்டா" என்பேன். ஒருநாள் டீ குடிக்கப் போனபோது ஏரிக்கரையில் நிறுத்தி, "எங்க, 'டேய்'னு ஒரு சத்தம் போடு பாக்கலாம்" என்றேன். போட்டான். தண்ணீரில் நின்ற கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாசம் முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேல்தளம் போடுகிற நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. காலையில் வெயில் அடித்ததால் துணிந்து ஆரம்பித்துவிட்டோம். மதியத்துக்கு மேல் மறுபடியும் வானம் கறுத்தது. பாதித் தளத்தில் மழை பிடித்தால் அவ்வளவும் பாழ். நான் ஏணிப் பக்கம் நின்று, "கை நிக்கக் கூடாது, ஓடுங்க ஓடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கலவை மெஷின் போட்ட இரைச்சலில் என் குரலே பாதிதான் கேட்டது.

அப்போது அந்த மேஸ்திரித் தம்பி ஓடிவந்து என்னிடம் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, ஒன்றும் விளங்கவில்லை. "அப்பறம் பேசலாம் போடா" என்று கையைக் காட்டினேன். அவன் திரும்பி வீட்டுக்குள் ஓடினான்.

உள்ளே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தரை உயர்த்தக் கொட்டியிருந்த புது மண்ணுக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. மூலை ரூமில் தளத்தைத் தாங்கி நின்ற சவுக்கு முட்டுகள் மெல்லப் புதைய ஆரம்பித்திருந்தன. என் வீட்டுக்காரர் அதற்கு நடுவில் குனிந்து ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். "மாமா, வெளிய வந்துடுங்க" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "இருடா, இது ஒண்ணு அடிச்சுட்டு வந்துடறேன். வேலை நின்னா உங்கக்கா என்னைத் தின்னுடுவா" என்று இவர் கையை உதறிவிட்டார்.

அவன் வெளியே வந்தான். யாரையும் கூப்பிடவில்லை. நேராகப் போய் மெஷினை அணைத்துவிட்டான்.

ஊரே அடங்கிப்போனது போல் இருந்தது. தளம் பாதியில் இருக்கும்போது எங்கள் தொழிலில் யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள். மேலே இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று பார்க்க மெஷின் பக்கச் சுவர் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். "எவன்டா நிறுத்துனது?" என்று நான் பாய்ந்தேன். என் வீட்டுக்காரரும் கையில் சுத்தியலோடு, "இன்னாச்சு, டீசல் தீந்துபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டி வந்தார்.

"மூலை ரூமுக்கு யாரும் போவாதீங்க. முட்டு இறங்குது" என்றான் தம்பி. அதே மெல்லிய குரல்தான். எல்லார் காதிலும் விழுந்தது.

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே முட்டு ஒன்று முறிகிற சத்தம். மூலைத் தளம் ஷீட்டும் கம்பியும் ஈரக் கலவையுமாக அப்படியே சரிந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து நின்றிருந்த இடம் அது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் முதுகில் ரெண்டு போடு போட்டுவிட்டு, அவரையே கட்டிப்பிடித்துக்கொண்டு, அத்தனை ஆள் முன்னால் ஓவென்று அழுதேன். வெட்கமே தெரியவில்லை. மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வீட்டுச் சொந்தக்காரரே, "வூடு இன்னிக்கி இல்லன்னா அடுத்த மாசம் எழும்பும்மா. உசுரு தப்பிச்சுதே, அது போதும்" என்றார்.

சாயங்காலம் தம்பி தயங்கித் தயங்கி வந்தான். "உங்களைக் கேக்காம நிறுத்திட்டேன்க்கா. நான் கத்தினா யாருக்கும் கேக்காது. சத்தம் நின்னா மாமா தானா வெளிய வந்து பாப்பாருன்னு தோணுச்சு" என்றான். "இனிமேலும் கேக்காதடா" என்றேன்.

இன்றைக்கும் அவன்தான் என் மேஸ்திரி. ஆள் பிடிப்பது, வீட்டுச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவனுக்குச் சொல்லித் தருகிறேன், கத்துவதைத் தவிர. நான் கத்துவதும் நிற்கவில்லை, பிறவிக் குணம் எங்கே போகும்? ஆனால் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற என் மனுஷனைப் பார்க்கும்போதெல்லாம், நான் காதில் வாங்காமல் துரத்திய ஒரு குரல்தான் இவரை எனக்குத் திருப்பித் தந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.