ஒரு சொல்லும் ஒரு பிளாஸ்க்கும்

மீனலோசனியின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவின் சாரம் இவ்வளவுதான்: கணவனோடு இருக்கலாம், சமைக்கலாம், தூங்கலாம், சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்யக்கூடாது. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவளை மலேசியாவின் செனாவாங்கில் ஒரு மாடி வீட்டில் கொண்டுவந்து பூட்டினால் என்ன ஆகும்? கணவன் நிஷாந்தன் தொழிற்சாலை எஞ்சினியர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். முதல் ஆறு மாதம் அவள் சன்னலுக்கு ஸ்வரம் பாடிக் காட்டினாள். ஏழாவது மாதம் சன்னலோடு பேசத் தொடங்கினாள். அதைப் பார்த்து நிஷாந்தனுக்குப் பயம் வந்துவிட்டது.

அவன்தான் நாலு பேரிடம் விசாரித்து இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தான். ரெம்பாவ் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் ஒரு மாரியம்மன் கோயில். தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் சாலையோரத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தாயிற்று. அம்மன் மட்டும் இடம் மாறவில்லை. அந்தக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை நாலு மணிக்குப் பதினொரு பெண்கள் கூடுவார்கள். வரும் ஆடித் திருவிழாவில் ஒலிபெருக்கியை மூடிவைத்துவிட்டுத் தாங்களே பாடுவதாக அம்மனிடம் வாய் விட்டுச் சொல்லியிருந்தார்கள். வாயால் சொல்லிவிட்டார்கள், தொண்டைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் கேட்காத டீச்சர் கிடைத்ததில் அவர்களுக்குச் சந்தோஷம். மீனலோசனிக்கோ அது உயிர். சனிக்கிழமையை நினைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினாள்.

பதினொரு பேரில் குரல் என்றால் பஞ்சாலைதான். ஐம்பத்தெட்டு வயது. ரப்பர் இருந்த காலத்தில் பால் மரம் வெட்டியவர். நாலு நிரை தாண்டி நிற்பவளை ஒரே கூப்பாட்டில் திரும்ப வைப்பாராம். இப்போது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டில் கூட்டித் துடைக்கிறார். சுருதி என்று ஒன்றை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் பிசகியதில்லை. பிசகாத இன்னொன்று பேச்சு. பாட்டு எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே பஞ்சாலை புகுந்துவிடுவார்.

"ஏய் திலகா, நம்ம எல்லாரும் ஒரே கலர் புடவதான் லா எடுக்கணும். மஞ்சளா, செவப்பா? டீச்சர், நீங்க சொல்லுங்க!"

மீனலோசனி உதட்டைக் கடித்துச் சிரிப்பாள். பாதி பாட்டில் பெரிய கெண்டியில் தே என்கிற தேநீர் வரும், கூடவே தட்டு நிறையப் பலகாரம். "பசியாறுங்க டீச்சர்" என்று பஞ்சாலைதான் முதல் குவளையை நீட்டுவார். மீனலோசனி தன் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டுவாள். "தொண்டைக்குச் சுடுதண்ணிதான் அக்கா. குறை நினையாதைங்கோ." ஒரு மாதம் கேட்டுப் பார்த்தார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். விட்டதை அவள் கவனிக்கவில்லை.

திருவிழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. அன்றைக்கு மழையென்றால் அப்படியொரு மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம். சுருதிப் பெட்டி என்ன பாடுகிறது என்று அதற்கே கேட்டிருக்காது. பதிகத்தின் கடைசி அடி நாலு தரம் சரிந்து, ஐந்தாவது தரம் நிமிரப்போன நேரம் பஞ்சாலை யாரையோ பார்த்து ஜாக்கெட் தைக்கிறவளைப் பற்றி ஆரம்பித்தார். மீனலோசனிக்குக் காலையிலிருந்து தலையிடி. பத்து மாதமாகப் பார்த்துப் பார்த்துப் பேசிய தமிழ் கையை விட்டுப் போய், ஊரில் பாட்டன் அப்புவின் வீட்டு வளவில் பேசிய தமிழ் வாயில் வந்துவிட்டது.

"பறையாதைங்கோ! எத்தினை தரம் சொல்லுறது, பறையாதைங்கோ!"

மண்டபம் கப்சிப் என்று ஆனது. அட, இவ்வளவு நாளும் அதட்டாமல் விட்டது என் பிழைதான் என்று நினைத்துக்கொண்டாள் அந்த மனுஷி. அன்று பாடம் தடங்கல் இல்லாமல் நடந்தது. வீட்டுக்கு வந்து நிஷாந்தனிடம் அதைப் பெருமையாகவும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் விரித்திருந்த பாயில் ஒருத்திதான் இருந்தாள். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் திலகா.

"இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க டீச்சர்."

"ஏன்? ஆருக்கேன் சுகமில்லையோ?"

திலகா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "பஞ்சாலை அக்காவ நீங்க சாதி சொல்லித் திட்டிட்டீங்களாம். ரெண்டு தடவ. எனக்கும் கேட்டுச்சு டீச்சர். மழையில மிச்சம் கேக்கல, அது மட்டும் கேட்டுச்சு."

மீனலோசனிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், சிரித்துவிட்டாள். இவ்வளவுதானா என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. "ஐயோ திலகா, பறையிறது எண்டால் எங்கட ஊரில கதைக்கிறது! பேசாதைங்கோ எண்டுதான் சொன்னனான்!"

திலகா போனை எடுத்துத் தேடினாள். பறைதல் என்றால் சொல்லுதல் என்று அகராதியும் சொன்னது. "சரி, இருக்கு" என்றாள். "ஆனா ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க?"

மீனலோசனியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்காவோட அப்பாவ தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாதாம். அந்த வார்த்தையத்தான் சொல்லிக் கூப்பிடுவாராம். அவரும் உங்க ஊர் ஆளுதான். நீங்க பேசற மாதிரியே பேசுவாராம்."

அன்றைக்கே திலகாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தாமானுக்குப் போனாள். திலகா வாசலில் இறக்கிவிட்டு நகர்ந்துகொண்டாள். பஞ்சாலை கதவைத் திறந்தார், நாற்காலியைக் காட்டினார், மின்விசிறியைப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மீனலோசனி சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னாள். சொல்லின் அர்த்தம், மழை, தலையிடி. "சத்தியமா அந்தக் கருத்தில சொல்லேல்லை அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கையைக் கூப்பியபோது அழுகையும் வந்துவிட்டது.

பஞ்சாலை முழுவதையும் கேட்டார். இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து மீனலோசனி பார்த்ததே இல்லை.

"திலகா போன்ல சொல்லுச்சு. நான் நம்பறேன் டீச்சர். வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும். நமக்குத் தெரியாதா என்ன?" என்றார். பிறகு முந்தானையால் நாற்காலிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த பிளாஸ்க்குக்கு உங்க ஊர்ல என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

தொண்டைக்கு என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அப்புவின் வளவில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தேங்காய் பிடுங்கும் மனிதருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது அவள்தான். பத்து வயதில். கோப்பையில் இல்லை, சிரட்டையில். கை படாமல் ஊற்றவேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருந்தாள், சரளி வரிசைக்கு முன்னாலேயே. சிரட்டையை மறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"அக்கா," என்றாள், குரல் தேய்ந்து. "எனக்கு ஒரு தேத்தண்ணி தருவீங்களோ?"

பஞ்சாலை அவளை நன்றாகப் பார்த்தார். "சீனி முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றார்.

மேசைமேல் கண்ணாடிப் போத்தல் நிறையச் சீனி இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பார்த்ததை இருவரும் மறைக்கவும் இல்லை.

"சனிக்கெழம எல்லாரும் வருவோம்" என்று எழுந்தார் பஞ்சாலை. "அம்மனுக்கு வாக்குக் குடுத்தாச்சு. முடிச்சுத்தான் ஆகணும்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பதினொரு பேரும் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மீனலோசனி பிளாஸ்க் கொண்டுவரவில்லை. சுருதி ஏறியது. பதிகத்தின் கடைசி அடி ஒரே தரத்தில் நிமிர்ந்து நின்றது. மூச்சு விடுகிற இடம் வந்தது, யாரும் புகவில்லை. புடவை மஞ்சளா சிவப்பா என்று யாரும் கேட்கவில்லை. கெண்டி சுற்றி வந்தது. அவளுக்கு முன்னால் வந்தபோது, பழகிய கை தாண்டிப் போனது. அவளும் கேட்டு வாங்கவில்லை.

மறுபடி பாடினார்கள். மறுபடி அதே அமைதி. சன்னலோடு பேசிய மாதங்களில்கூட அவளுக்கு இப்படித் தனிமை இருந்ததில்லை. நாலாவது அமைதியில் பொறுக்க முடியாமல் போய்விட்டது.

"ஆராவது ஏதாவது கதையுங்கோவன்" என்றாள்.

பதினொரு பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"என்ன பேசணும் டீச்சர்?" என்று பஞ்சாலை மிகவும் மரியாதையாகக் கேட்டார்.